ஐந்தாம் அம்பாரம்

காயலோடை உப்பளத்தில் உப்பு பேசிய வருஷம் எது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மாதா கோயில் கொடிமரம் மாற்றியதற்கு மறு வருஷம் என்பார் ஒருவர், ஓடைப்பாலம் இடிந்த வருஷம் என்பார் இன்னொருவர். அமலோற்பவத்தைக் கேட்டால் மட்டும், தன் மகன் இஞ்ஞாசிக்கு அனுப்பிய சேதிக்குப் பக்கத்தில் போனில் ஒற்றை டிக் விழுந்து, அது இரண்டாகாமலே ஏழு மாசம் கிடந்த பிறகு என்பாள். அவளுக்கு அதற்கு முன்னும் பின்னும் வேறு வருஷங்கள் இல்லை.

இஞ்ஞாசி கடல் தாண்டி ஒரு நாட்டின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போயிருந்தான். போன புதிதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முகத்தைக் காட்டி, என்ன குழம்பு என்று கேட்டான். அப்புறம் அந்த நாட்டு அரசாங்கம், எங்கள் மண்ணில் பேசுகிற பேச்சு எங்கள் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லி, உலகத்தோடு கோத்திருந்த இணைய வலையை எல்லையில் அறுத்துத் தனக்கென்று ஒரு தனி வலை பின்னிக்கொண்டது. அதைப் பார்த்து இன்னொரு நாடும், அதையும் பார்த்து வேறு நாலு நாடுகளும் அதையே செய்தன. டீக்கடைத் தொலைக்காட்சியில் தினமும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள், வலை அந்தந்த நாட்டுக்குச் சொந்தமா, உலகத்துக்குப் பொதுவா என்று. காயலோடையில் யாரும் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. கடலுக்கு அடியில் வந்து கரையேறும் கேபிள் தங்கள் உப்பளத்து ஓரமாகத்தான் ஓடுகிறது என்பதும், வேலி போட்ட அந்தச் சிறு கட்டடத்துக்குள் அது நுழைகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த வேலியில்தான் மத்தியானம் சேலையைக் காயப்போடுவார்கள்.

முதலில் கேட்டது பேச்சித்தாய். கஞ்சி குடிக்கும் நேரத்தில், எல்லோரும் செய்வதுபோல, வேலியோரப் பாத்தியிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டவள், மிளகாயைக் கடிக்காமல் அப்படியே இருந்தாள்.

"ஏளா அமலி, யாரோ ஒரு பொம்பளை, சாவியை அடுப்படி ஜன்னல்ல வச்சிருக்கேங்கா."

"யாரு அக்கா?"

"தெரியலையே. என் வாய்க்குள்ள இருந்துல்லா சொல்லுதா."

"வெயில் மண்டைக்கு ஏறிட்டு. தண்ணியக் குடிங்க" என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் தானும் ஒரு கல்லை வாயில் போட்டாள். யாரோ ஒரு ஆண்பிள்ளை, தெரியாத பாஷையில், ஆனால் அவளுக்கு நன்றாகப் புரியும்படி, 'அன்றைக்கு நான் கையை ஓங்கியிருக்கக் கூடாது' என்றான். அவள் கல்லைத் துப்பவில்லை. கரையும்வரை அவன் சொல்வதைக் கேட்டுவிட்டு, கஞ்சியைக் குடித்து, பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். வெயில் இருக்கும்போதே வார வேண்டிய உப்பு நிறையக் கிடந்தது.

ஒரு வாரத்துக்குள் ஊருக்கே விஷயம் பிடிபட்டுவிட்டது. வேலியோரத்து ஆறு பாத்திகளில் மட்டும் விளைகிற உப்பு பேசுகிறது. அதுவும் போய்ச்சேர்ந்த பேச்சைப் பேசுவதில்லை. எந்த எல்லையிலோ தடுக்கப்பட்டு, திரும்பவும் வழியில்லாமல் கடலில் விழுந்த பேச்சைத்தான் பேசுகிறது. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. போய்ச்சேர்ந்த பேச்சுக்கு இவ்வளவு கரிப்பு இருக்காது என்று பேச்சித்தாய் சொன்னாள், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு அந்த உப்போடு வாழப் பழகினார்கள். மன்னிப்புக் கேட்கிற உப்பு லேசாகக் கசக்கும், காதல் உப்பு நாக்கில் சீக்கிரம் கரையும், வக்கீல் காகித உப்பு ரசத்தில் போட்டாலும் கரையாது என்று பெண்கள் கண்டுவைத்தார்கள். கல்யாண வீட்டுச் சாம்பாரில் தெரியாமல் ஒரு கை விழுந்து, பந்தியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து நின்று, முன்பின் தெரியாத யாரோ ஒரு ஹெலனிடம் என்னை விட்டுப் போகாதே என்று அழுதார். அவர் மனைவி அவரை மூன்று வாரம் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. பங்குச் சாமியாரிடம் கேட்டபோது, பிறத்தியார் பேச்சைக் கேட்பது தப்புத்தான், கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது அதைவிடத் தப்பு என்றார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர் மொத்தமும் கடற்கரையில் வரிசையாக நின்று, அந்த வாரம் வாயில் வந்த சேதிகளையெல்லாம் கடலைப் பார்த்துக் கத்திச் சொல்லிவிட்டு வரும் வழக்கம் உண்டாயிற்று. சாவி ஜன்னலில் இருக்கிறதாம், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், பெண் பிறந்திருக்கிறதாம், அப்பா காத்திருந்து காத்திருந்து போய்விட்டாராம் என்று அலைக்கு மேலே குரலை உயர்த்திக் கத்துவார்கள். போய்ச்சேருமோ சேராதோ, சொல்ல வேண்டியது நம் கடமை என்பார் கங்காணி சந்தியாகு. அவருக்கு வாய்த்ததெல்லாம் வக்கீல் உப்பு. அதையும் விடாமல் கத்துவார்.

அமலோற்பவம் மட்டும் கடற்கரைக்குப் போகவில்லை. அவள் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு பாத்தி விடாமல், ஒரு நாள் விடாமல் தின்று பார்த்தாள். வாயெல்லாம் புண்ணாகி, உதடு வெடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மா, "உனக்கு என்ன பைத்தியமா? ரத்தக்கொதிப்பு ஏறிக் கீழ விழுந்துருவ" என்று திட்டி மருந்து கொடுத்தாள். மருந்தைத் தடவிக்கொண்டு மறுநாளும் தின்றாள். கணவன் சூசை இறந்த பிறகு அவளுக்கு என்று இருந்தது இஞ்ஞாசி ஒருவன். ஏழு மாசம் என்பது எட்டாகி, ஒன்பதாகி, பதினொன்றாயிற்று.

ஆகஸ்ட் மாசத்தில் மாதா கோயில் கொடி இறங்கிய மறுநாள் மத்தியானம், நாலாவது பாத்தியில் எடுத்த ஒரு கல், சின்ன வயசிலிருந்தே மூக்கடைத்தாற்போல் பேசுகிற அவள் மகன் குரலில் சொன்னது:

"எம்மா, நான் எங்க இருக்கேன்னா..."

அவ்வளவுதான். கல் கரைந்துவிட்டது. அமலோற்பவம் பாத்தித் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேச்சித்தாய் ஓடிவந்து விஷயத்தைக் கேட்டு, "எந்திரி, அடுத்த கல்ல எடு" என்று தானும் இறங்கினாள். இரண்டு பேரும் பொழுது சாயும்வரை அந்தப் பாத்தியைத் தின்று பார்த்தார்கள். யார் யாரோ பேசினார்கள். இஞ்ஞாசி பேசவில்லை. அப்போதுதான் பேச்சித்தாய்க்கு ஞாபகம் வந்தது: அந்தப் பாத்தியில் முக்கால்வாசியைக் காலையிலேயே வாரி, கூடை கூடையாகச் சுமந்து ஐந்தாம் அம்பாரத்தில் கொட்டியாகிவிட்டது.

அம்பாரம் என்றால் இரண்டு ஆள் உயரம், இருபது தப்படி நீளம், வெள்ளை மலை. அதில் எங்கேயோ மிச்ச வாக்கியம் இருந்தது. அமலோற்பவம் மறுநாள் முதல் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் அம்பாரத்தின் அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக வாயில் போட ஆரம்பித்தாள். கங்காணி சந்தியாகு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தா பாரு அமலி, நீ தின்னுற வேகத்துக்கு நாப்பது வருஷம் ஆவும்."

"ஆவட்டும் அண்ணாச்சி."

"அம்பாரத்தை லாரி ஏத்தணும்லா."

"மத்த நாலையும் ஏத்துங்க. இதக் கடைசியா வச்சுக்கிடுங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, சரி என்றார். ஆனால் போகும்போது திரும்பிப் பார்த்து, "வாய் தவறி அந்த வார்த்தையச் சொல்லிப்புடாத, என்ன?" என்றார்.

அந்த வார்த்தை எது என்று உப்பளத்தில் எல்லோருக்கும் தெரியும். உப்பு யாருடையது என்று எவர் கேட்டாலும், கங்காணியிலிருந்து கூடை சுமக்கிறவள்வரை, கடலோடது என்றுதான் சொல்ல வேண்டும். லாரி ஏறி உப்பளத்து எல்லையைத் தாண்டும்வரை அதை யாரும் என்னுடையது என்று சொல்லக் கூடாது. சொன்னால் மழை வரும். ஒரு சித்திரை மாசத்தில், புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி, தன் பாத்தி விளைச்சலைப் பார்த்த சந்தோஷத்தில் 'என் உப்பைப் பாருங்க' என்று சொல்லி, அரை மணி நேரத்தில் மேகம் திரண்டு, மொத்த அளமும் கரைந்து, ஊர் ஆறு மாசம் பட்டினி கிடந்தது. அவளை யாரும் திட்டவில்லை. அவளே ஊரைவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் டில்லியிலிருந்து சதாசிவம் என்கிற அதிகாரி வந்தார். மூன்று ஜீப், கயிறு, சிவப்பு அரக்கு, முத்திரை. நாலு நாள் கழித்து, ஏரிக்கரையில் இருக்கும் ஒரு வெளிநாட்டு நகரத்திலிருந்து, உலகத்து வலைக்கெல்லாம் பொதுவான சபையின் சார்பில் நிமலா என்கிற அம்மாள் வந்தாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஒன்பது வயதில் அந்த ஏரிக்கரை நகரத்துக்குப் போய்விட்டவள். அவளிடம் நீல முத்திரை இருந்தது. இரண்டு பேரும் அம்பாரங்களைச் சுற்றி வந்தார்கள், இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஐந்தாம் அம்பாரத்தின் அடியில் உட்கார்ந்திருந்தவள் அமலோற்பவம் என்பதால் அவளிடம்தான் கேட்டார்கள்.

"இந்த உப்பு யாருடையதும்மா?" என்றார் சதாசிவம்.

அவள் எல்லோரும் சொல்வதைச் சொன்னாள். "கடலோடது."

"கரையிலிருந்து பன்னிரண்டு மைல் வரைக்கும் கடல் நம்ம நாட்டோடது. எழுதிக்கோங்க" என்று சதாசிவம் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"கடலுக்குச் சொந்தமெண்டால் உலகத்துக்குச் சொந்தம் எண்டுதானே அர்த்தம். இதைவிட வடிவா ஒருத்தரும் சொல்லேலாது" என்று நிமலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கட பேர் என்ன அம்மா?"

அவள் பேரை இரண்டு பேரும் இரண்டு காகிதத்தில் எழுதினார்கள். மழைக்குப் பயந்து சொன்ன ஒரு வார்த்தை அப்படித்தான் இரண்டு தரப்புக்கும் முதல் சாட்சியாயிற்று. அன்றைக்கே, இன்னும் லாரி ஏறாமல் கிடந்த ஐந்து அம்பாரத்தையும் சுற்றிக் கயிறு கட்டி, சிவப்பு முத்திரை ஒரு பக்கமும் நீல முத்திரை ஒரு பக்கமும் வைத்து, முடிவு தெரியும்வரை யாரும் தொடக் கூடாது என்று போலீஸ்காரர்களை நிறுத்தினார்கள்.

கூட்டம் மாதா கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் மேசை போட்டு ஒரு ஓரத்தில் இவரும் மறு ஓரத்தில் அவளும் உட்கார்ந்தார்கள். கூட வந்தவர்கள் பந்தி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். காலையில் இட்லி, மத்தியானம் மீன் குழம்பு, சாயங்காலம் வடை. ஒரு நாள் முழுக்க முதல் வரியில் 'பாதுகாப்பு' என்று வர வேண்டுமா 'பகிர்வு' என்று வர வேண்டுமா என்று பேசினார்கள். ஒரு நாள் முழுக்க உப்பு என்றால் என்ன என்று பேசினார்கள். பரிமாறப் போன பெண்கள் வந்து சொல்வார்கள், ஊர் சிரிக்கும். பத்தாம் நாளுக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வேலியோரப் பாத்திகளில் வேலை நின்றுபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் சொல்வதற்குப் புதிதாகச் சேதி இல்லை. பழைய சாவியையே பேச்சித்தாய் திரும்பத் திரும்பக் கத்திவிட்டு வந்தாள்.

அமலோற்பவம் சதாசிவத்தைத் தனியாகப் பார்த்தாள். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி போடச் சொல்லி, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஐயா, எனக்கு அம்பாரம் வேண்டாம். பாதிப் பேச்சு இருக்கு, மிச்சப் பாதி வேணும். அவன் எங்க இருக்கான்னு சொல்ல வந்தான்யா."

"புரியுதும்மா. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்த நாட்டுக்காரன் வெளிய விடக் கூடாதுன்னு நிறுத்தின பேச்சு இது. இன்னைக்கு நான் அதை உங்ககிட்ட குடுத்தா, நாளைக்கு நாம நிறுத்தின பேச்சை அவன் தன் ஊர்ல குடுப்பான். அப்புறம் எல்லைன்னு ஒண்ணு எதுக்கு?"

"நாமளும் நிறுத்துதோமா?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

அவர் டீ கொண்டுவரச் சொன்னார்.

அதையே போய்ச் சொன்னபோது நிமலா அழுதேவிட்டாள். "எனக்கும் ஒரு அண்ணா இருந்தவர்" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உங்களுக்கு ஒராளுக்குக் குடுத்தால் எல்லாருக்கும் குடுக்க வேணும் அம்மா. எல்லாருக்கும் குடுக்கிறதுக்குத்தான் விதி எழுதுறம். கொஞ்சம் பொறுங்கோ."

"எம்புட்டு நாள்?"

"மற்ற நாடுகளும் கையெழுத்து வைக்க வேணும்."

"எத்தன நாடும்மா?"

நிமலா எண்ணிக்கையைச் சொன்னாள். அமலோற்பவம் எழுந்து வந்துவிட்டாள்.

செப்டம்பர் முடிந்தது. காற்று திரும்பி, கடல் பக்கமிருந்து ஈரம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்தக் காற்று வந்ததும் அம்பாரங்களைப் பனையோலை போட்டு மூடிவிடுவார்கள். கங்காணி சந்தியாகு ஓலைக்கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நின்றபோது போலீஸ்காரர்கள் விடவில்லை. அவர் மண்டபத்துக்கு ஓடினார். மூடுகிறவர் கைவசம் பொருள் இருப்பதாக ஆகிவிடும், ஆகவே இந்த நாட்டுக்காரர் மூடக் கூடாது என்றது ஒரு தரப்பு. இந்த நாட்டு மண்ணில் இருப்பதை மூடப் பிறரிடம் அனுமதி கேட்டால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகும், ஆகவே கேட்டு மூடக் கூடாது என்றது மறு தரப்பு.

"யாராவது ஒருத்தர் மூடுங்கய்யா. ரெண்டு பேரும் சேந்துகூட ஆளுக்கு ஒரு ஓலையப் போடுங்க" என்று சந்தியாகு கையெடுத்துக் கும்பிட்டார். அதை ஒரு யோசனையாகக் குறித்துக்கொண்டு, மறு வாரத்துப் பட்டியலில் சேர்த்தார்கள்.

அக்டோபர் இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, முதல் வரியில் மட்டும் இரண்டு தரப்பாரும் ஒத்துப்போனார்கள். இந்த உப்பு கடலுடையது என்று இவ்விடத்து மக்களே சாட்சி சொல்கிறார்கள் என்பதுதான் அந்த வரி. அதன் பொருள் என்ன என்பதை அடுத்த கூட்டத்தில், ஏரிக்கரை நகரத்தில் வைத்துப் பேசிக்கொள்ளலாம். அதுவரை, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, முத்திரை அப்படியே இருக்கும். முதலில் சொன்னவள் என்பதால் அமலோற்பவத்தைக் கூப்பிட்டு மேடைக்குக் கீழே நிறுத்தி, சொன்னதை ஒரு தரம் எல்லோர் முன்னிலும் சொல்லிவிடுங்கள் என்றார்கள். உப்பளமே மண்டபத்தில் நின்றது. ஜன்னல் வழியாகத் தெரிந்த வானம், ஈரக் காற்று இருந்தும், கழுவிவிட்டதுபோல் நீலமாக இருந்தது.

"இந்த உப்பு யாருடையது அம்மா?" என்று நிமலா மெதுவாகக் கேட்டாள்.

அமலோற்பவம் வெடித்த உதட்டை நாக்கால் தடவினாள். திரும்பி, தன் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். சந்தியாகு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பேச்சித்தாய் ஆட்டவில்லை; அவள் அமலோற்பவத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாம் அம்பாரம் என்னோடது" என்றாள் அமலோற்பவம்.

சதாசிவம் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் முன்னால் குனிந்தார். "என்னம்மா சொன்னீங்க?"

"அதுல கெடக்கது என் மகன் பேச்சு. என்னோடது."

முதல் துளி தகரக் கூரையில் கல் விழுந்ததுபோல் விழுந்தது. ஜன்னலோரம் நின்றவர்கள் வெளியே எட்டிப் பார்த்தார்கள். நீலம் இருந்த இடத்தில் எருமை நிறத்தில் மேகம் நின்றது.

"சொல்லிட்டாளே பாவி" என்றார் சந்தியாகு, யாரிடமும் இல்லாமல்.

பேச்சித்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "போவுதது போவட்டும் அண்ணாச்சி. அந்தச் சாவி என்னோடது" என்றாள் உரக்க. அதன்பிறகு மழை, பேச்சு எதுவும் கேட்காதபடி இறங்கியது.

அமலோற்பவம் ஓடினாள். வரப்பு வழுக்கி இரண்டு இடத்தில் விழுந்து எழுந்து ஓடினாள். போலீஸ்காரர்கள் கேபிள் கட்டடத்துக்குள் ஒதுங்கியிருந்தார்கள். ஐந்து அம்பாரமும் விளிம்பு மழுங்கி, முதுகு குழிந்து, அடிப்பக்கம் ஓடை ஓடையாகக் கரைந்துகொண்டிருந்தன. கயிறு தொய்ந்து, சிவப்பு முத்திரையும் நீல முத்திரையும் ஒரே வாய்க்காலில் மிதந்து போயின. அவள் ஐந்தாம் அம்பாரத்தின் அடியில் முழங்காலிட்டு, வழிந்து வந்த தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள். தொண்டை எரிந்தது. குடித்த ஒவ்வொரு வாய்க்கும் ஆயிரம் பேர் பேசினார்கள். கரைந்த உப்பில் குரல்களும் கரைந்து, எல்லோர் குரலும் ஒன்றாகிவிட்டிருந்தது; மூக்கடைத்த குரல் என்று ஒன்றைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை. பாதியில் நின்ற எல்லா வாக்கியங்களுக்கும் மிச்சப் பாதிகள் ஒரே நேரத்தில் வந்தன. ஆஸ்பத்திரியில், என்றது. ஒரு நல்ல மனுஷன் வீட்டில், என்றது. கதவில்லாத அறையில், என்றது. கப்பலில் வந்துகொண்டு, என்றது. இங்கே மண் ரொம்பக் குளிர்கிறது, என்றது.

பேச்சித்தாய் வந்து அவளைத் தூக்கியபோது அம்பாரம் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டியா?" என்றாள் பேச்சித்தாய்.

"கேட்டேன்."

"எங்க இருக்கானாம்?"

வந்த பதில்களில் ஒன்றை அமலோற்பவம் எடுத்துக்கொண்டிருந்தாள். எது என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை.

டில்லிக்காரர்களும் ஏரிக்கரைக்காரர்களும் மறுநாளே கிளம்பிப் போனார்கள். கூட்டம் நிற்கவில்லை, வேறு வேறு நகரங்களில் இன்றுவரை நடக்கிறது, அந்தக் காகிதத்துக்குக் காயலோடை வரைவு என்று பேர் என்கிறார்கள். ஊர் அந்த வருஷம் பட்டினி கிடந்தது. அமலோற்பவத்தை யாரும் திட்டவில்லை, அவளும் ஊரைவிட்டுப் போகவில்லை. அடுத்த தை மாசம் வேலியோரப் பாத்திகளில் விளைந்த உப்பு வெறும் உப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜனங்கள் பழக்கத்தில் கடற்கரைவரை போய், ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

மழைக்கு மூன்று வாரம் கழித்து, செத்தவர்களுக்கு ஆளுக்கொரு மெழுகுதிரி ஏற்றுகிற கல்லறைத் திருநாள் வந்தது. கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிறவளிடம் அமலோற்பவம் எத்தனை வாங்குகிறாள் என்று ஊர்ப் பெண்கள் எல்லோரும் பார்க்காததுபோல் பார்த்தார்கள். ஒன்று வாங்கினாள். சூசையின் கல்லறையில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறு வருஷமும் ஒன்று வாங்கினாள். அதற்குப் பிந்தின வருஷம் இரண்டு வாங்கினாள்.

ஒன்றைச் சூசைக்கு ஏற்றினாள். இன்னொன்றைக் கையில் பொத்திக்கொண்டு உப்பளத்து வரப்பு வழியே நடந்து, ஐந்தாம் அம்பாரம் இருந்த இடத்தில் மண்ணைக் கொஞ்சம் பறித்து நட்டு ஏற்றினாள். பின்னாலேயே வந்திருந்த பேச்சித்தாய் காற்றுக்கு முந்தானையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, கேட்காமல் இருக்க முடியாமல், கேட்டாள்.

"இது யாரோடது அமலி?"

அமலோற்பவம் திரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கடலோடது."

அன்றைக்கு மழை பெய்யவில்லை.